கடலுக்கு ஒரு டம்ளர்

முகத்துவாரக்குப்பத்து வினிதாவின் நீலநிறக் கார், எஞ்சின் ஜாமாகி நின்ற நாளிலிருந்து, கடல் ஏறும் நேரமெல்லாம் தரையை விட்டு ஒன்றரை அடி உயரம் எழும்பி நின்றது. கடல் இறங்கினால் தானும் இறங்கி நான்கு சக்கரத்தையும் மண்ணில் வைத்துக்கொண்டது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மூன்றடி வரை போனதுண்டு. குப்பத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிதக்கிற ஒன்றைக் கட்டி வைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? முதல் நாளே இரண்டு நைலான் கயிறுகளைக் காரின் கொக்கிகளில் மாட்டி மின்கம்பத்தில் முடிச்சுப் போட்டார்கள். பக்கத்துச் சுவரில் உரசாமலிருக்கப் பழைய டயர்களைத் தொங்கவிட்டார்கள். காருக்கு அடியில் கிடைத்த நிழலில் நாய்கள் வந்து படுத்தன, கடல் இறங்கும் நேரத்துக்குத் தாமாகவே எழுந்து போகவும் பழகிக்கொண்டன. அந்த வாரம் ஊரில் பேச்செல்லாம் வஞ்சிரம் விலை ஏறியதைப் பற்றித்தான், கார் இரண்டாம் பட்சம்.

வினிதா துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடு அளவுள்ள இரும்புப் பெட்டிகளை ஒரு பொத்தானால் தூக்கி இன்னொரு பொத்தானால் வைக்கிற வேலை. வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒருவரிடமிருந்து அந்த டர்போ காரை வாங்கினாள். குப்பத்தில் படகு வாங்கியவர்கள் உண்டு, ஆட்டோ வாங்கியவர்கள் உண்டு, பந்தய டிராக்கில் ஓட்டுவதற்கென்று கார் வாங்கியது அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா கருணாகரன், காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். முதல் வாரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை. இரண்டாம் வாரம் பானெட்டைத் திறந்தார். அதற்குப் பிறகு பானெட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் அவருடையது என்றாகிவிட்டது. படகு எஞ்சினுக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் அதற்கும் செய்தார். வெள்ளிக்கிழமை சூடம் காட்டினார், பழைய வேட்டித் துணியால் துடைத்தார், எண்ணெய் பார்த்தார். எண்ணெய் பார்ப்பதில்தான் படகுக்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. படகில் எஞ்சின் நேராக உட்காராது. காற்றாடித் தண்டு தண்ணீருக்குள் இறங்க வேண்டுமே, அதனால் பின்பக்கம் சரிந்துதான் உட்காரும். அலையில் வேறு ஆடும். எண்ணெய் அளக்கும் குச்சி காட்டுகிற கோட்டை அங்கே யாரும் முழுசாக நம்புவதில்லை. கோடு வரை எஞ்சினுக்கு, அதற்கு மேல் பெரிய டம்ளரால் ஒரு டம்ளர் கடலுக்கு என்று ஊற்றிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் கருணாகரனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் அவர் படகு ஒருநாளும் நடுக்கடலில் நின்றதில்லை. மகளின் காருக்கும் அப்படியே கடலுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். கார் ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடியது.

மார்ச் மாதக் கடைசியில் டிராக்கில் பயிற்சி ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் வினிதாவின் கார் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான், குச்சியை உருவிக் கோட்டுக்கு மேல் ஏறியிருந்த எண்ணெயைப் பார்த்தான், “இதென்ன காரா, மீன்பிடி டிராலரா?” என்று கேட்டுவிட்டுப் போனான். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, சும்மா சிரித்தார்கள். ஆனால் வினிதாவுக்கு முகம் சுட்டது. அப்பா டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, குச்சி போகிற துளை வழியே மெல்லிய டியூபை விட்டு, அதிகமாக இருந்த எண்ணெயை ஒரு தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சி எடுத்து டிக்கியில் ஒளித்து வைத்தாள். குச்சியில் எண்ணெய் கோட்டோடு சரியாக நின்றது, காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த மாதிரியே. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எடுத்தாய் என்பார், காரணத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. மூன்றாவது சுற்றில், வலப்பக்கமாக நீளத் திரும்புகிற அந்தப் பெரிய வளைவில், எஞ்சின் கடகடவென்று இரண்டு முறை அடித்தது, பிறகு சத்தமே இல்லை. இழுவை லாரியில் வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கிய மாலையே கார் மிதக்கத் தொடங்கிவிட்டது.

எஞ்சினை யாரிடம் கொடுப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வினிதா முதலில் போனது நகரத்தின் தெற்கே, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. மரியாதைக்குக் குறைவில்லை, காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். காரில் ஒரு கம்பியைச் செருகிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். எஞ்சின் சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அது குப்பத்து நாய்களுக்கும் தெரிந்த விஷயம். பிரித்துப் பார்ப்பது வீண்வேலை, எஞ்சினையே மொத்தமாக மாற்றிவிடலாம் என்றார் மேலாளர். எதனால் போனது என்று வினிதா கேட்டதற்கு, மாற்றிவிட்டால் காரணம் தேவைப்படாது என்றார். அவள் யோசித்துச் சொல்வதாகக் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டு, கடல் இருக்கிற பக்கமே இல்லாத தங்கள் கட்டடத்தில் கார் தினம் இரண்டு தடவை எழும்பி இறங்குவதாகவும், பக்கத்துக் காரில் இடிப்பதாகவும், பௌர்ணமிக்கு முன்னால் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மிக மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

அடுத்தது ராயபுரம் வால்டர். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டியவர், தானும் ஓட்டியவர். இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடே பட்டறையைத் திறந்துவிடுகிற ஆள். கருணாகரனும் மகளோடு போயிருந்தார். வால்டர் குச்சியை உருவிப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை எண்ணெய். “சைல்டு, டூ மச் ஆயிலு. உள்ள சுத்தற கிராங்க்கு அதுல போய் மோரு கடையற மாதிரி கடைஞ்சிகீது. பேரிங்குக்கு நொரைதான் போயிருக்கும், ஆயிலு எங்க போவும்?” என்று அடித்துச் சொன்னார். வினிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தது அவள், கோட்டோடு சரியாக விட்டதும் அவள். அப்படியென்றால் அப்பா டிராக்கிலும் ஒருமுறை ஊற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதை அவரிடம் கேட்க வேண்டுமானால், தான் எடுத்ததைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கருணாகரனோ ஓட்டத்தன்று காலையில் வீட்டில் ஊற்றிய அந்த ஒரு டம்ளரை நினைத்துக்கொண்டு நின்றார்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் நிற்கிற, காசிமேட்டில் எல்லா எஞ்சின்களும் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிற மாதங்கள். டிரைவர்களுக்கு அப்போதுதான் வேலை அதிகம். கருணாகரன் மட்டும் காசிமேட்டுப் பக்கமே போகவில்லை. படகு முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். “ஒரு இன்ஜின கொன்ன கைய இன்னொரு இன்ஜினு மேல வெக்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீம்புக்குச் சொல்லவில்லை. அவர் படகில் எட்டுப் பேர் போவார்கள், கரை தெரியாத தூரத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தன் கையே தப்பு என்றால், இத்தனை வருஷம் அந்த எட்டுப் பேரைத் தப்பான கையோடுதான் கூட்டிப் போயிருக்கிறோம் என்று நினைத்து நினைத்துச் சோறு வேண்டாமென்று எழுந்துவிடுவார். இந்த ஊரில் கடல் வற்றும் ஏறும் நேரத்தைக் கேட்க எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். தடை முடிந்து படகு கிளம்பும்போது வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளும்படி முதலாளியிடம் அவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்த அன்று, வினிதா கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து தனியாக அழுதாள்.

கடையைத் தேர்ந்தெடுத்தது கடைசியில் அவளுடைய அம்மா அங்கம்மாதான். அங்கம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. மீன் கூடையோடு வியாசர்பாடி வரை போய் விற்கிறவள். வால்டரிடமே கொடுத்துவிடலாமா என்று வினிதா கேட்டபோது, அந்த ஆள் உள்ளே திறந்து பார்த்தாரா என்று கேட்டாள். குச்சியை மட்டும் பார்த்தார் என்றாள் வினிதா. அங்கம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“வியாசர்பாடில பீம்ராவ்னு ஒருத்தர் இன்ஜினு கடை வெச்சிகினு கீறாரு. எத்தினி வருஷமா என்னாண்ட மீனு வாங்கறாரு, ஒரு நாளாவது செவுளத் தொறந்து பாக்காம வாங்கியிருப்பாரா? நானும் எத்தினியோ தபா வஞ்சிகீறேன். அந்த ஆளாண்ட குடு.”

பீம்ராவின் கடை, ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பின்னால், கால்பந்து ஆடுகிற மைதானத்தை ஒட்டியிருந்தது. நீலக் கோட்டுப் போட்ட அம்பேத்கர் படம், பக்கத்தில் புத்தர், கீழே வரிசையாகப் பிரித்த எஞ்சின்கள். கார் எதனால் போயிருக்கும் என்று கேட்டதற்கு அவர் எதுவுமே சொல்லவில்லை. கார் மிதக்கிறது என்பதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கடைக்கு ஒரு சட்டம் உண்டு. எஞ்சினைத் திறக்கிற அன்று, அதைத் தொட்ட எல்லோரும் நேரில் வந்து நிற்க வேண்டும். “வராதவன் தலைலதான் பழி போய் உக்காரும். நம்ம கடைல அந்த பேஜாரு வாணாம்மா” என்றார். வால்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். குச்சியைத் தொட்டதற்கெல்லாமா என்று முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். காரை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போன பழைய சொந்தக்காரர் வீடியோ காலில் வந்தார், அவரை ஒரு ஸ்பேனர் பெட்டி மேல் சாய்த்து வைத்தார்கள். தெற்கே இருந்த சர்வீஸ் சென்டர்க்காரர்கள் எதையும் தொடவில்லை என்பதால் அவர்களுக்கு விலக்கு. கருணாகரன்தான் வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பீம்ராவ் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். காருக்கு அடியில் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும், கடல் ஏறுகிற நேரம் தெரிந்தால் ஜாக்கி போடுகிற வேலை மிச்சம், அந்த நேரத்தை உன் புருஷனைத் தவிர யார் சொல்வார் என்று அங்கம்மாவிடம் கேட்டனுப்பினார். கருணாகரன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? “ஞாயித்துக்கெயம காலீல பதினோரு மணிக்கு ஏத்தம்” என்று சுவரைப் பார்த்தே சொன்னார். சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கக் கூடாதே என்பதற்காகத் தானும் கிளம்பி வந்தார்.

பதினோரு மணிக்குக் கார் எழும்பியது. பீம்ராவ் கோணிப்பையை விரித்து அடியில் படுத்தார். முதலில் எண்ணெய் இறக்குகிற போல்ட்டைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. வால்டர் குனிந்து பார்த்தார், எழுந்து குச்சியை உருவினார், குச்சியில் போன தடவை மாதிரியே கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை. மேலே நிறைந்து வழிகிறது, கீழே காய்ந்து கிடக்கிறது. பீம்ராவ் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எஞ்சினின் அடித்தொட்டியைக் கையில் ஏந்தி வெளியே இழுத்தார். தொட்டிக்குள் எண்ணெய் தரையோடு படுத்திருக்கவில்லை. இடப்பக்கச் சுவரில் ஏறி, அலை எழும்பி விழாமல் நின்றுவிட்டது போல, சரிந்து நின்றது. எண்ணெயை உறிஞ்சுகிற வடிகட்டியின் வாய் நடுவில் வெறும் காற்றில் இருந்தது. தொட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். எண்ணெய் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அளவு குச்சி இருப்பது இடப்பக்கம், அதனால்தான் அது பொய் சொல்லியிருக்கிறது.

வால்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். “காட்! இது அந்த லாங் ரைட்டு மேன். வலப்பக்கம் திரும்பறச்சே ஆயிலு லெப்ட்டுல ஏறும். ஏறுனது எறங்கல, இன்னும் வளைவுலயே கீது.” அவர் குரலில் தோற்றுப்போன வருத்தம் துளியும் இல்லை. பழைய சினேகிதனை வழியில் பார்த்தவர் மாதிரி அந்த எண்ணெயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆனால் எண்ணெய் அதிகமாக இருந்ததா, சரியாக இருந்ததா என்பது இன்னும் தெரியவில்லை. அது தெரிந்தாக வேண்டும் என்று கருணாகரன் நின்ற விதத்திலேயே எல்லோருக்கும் புரிந்தது. வேறு கேனில் ஊற்றினாலும் எண்ணெய் சரிந்தே நின்றதால் அளக்க முடியவில்லை. அங்கம்மா தன் மீன் கூடையிலிருந்து தராசை எடுத்தாள். ஒரு தட்டில் வண்டியிலிருந்து எடுத்த எண்ணெய். இன்னொரு தட்டில் அதே போன்ற கேன், அதில் கோடு வரைக்கும் எவ்வளவு வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்ததோ அவ்வளவு புது எண்ணெய். தராசு முள் நடுவில் வந்து ஆடாமல் நின்றது. அங்கம்மா வாழ்நாளில் எடை சரியாகப் பிடித்தது அந்த ஒரு நாள்தான் என்று வியாசர்பாடிக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

“மார்க்குக்கு கரெக்டா கீது,” என்றார் பீம்ராவ். “ஒரு ஸ்பூனு கூட இல்ல.”

கருணாகரன் நம்பவில்லை. “அது எப்பிடி? அன்னிக்கி காலீல நான்தான ஊத்தினேன், கடலுக்கு ஒரு டம்ளரு? அது எங்க போச்சி?”

வினிதா கார் டிக்கியைத் திறந்து, இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

“நான்தான் நைனா எடுத்தேன். அவங்க பாத்து சிரிச்சாங்கோ. காரா டிராலரான்னு கேட்டாங்கோ. எனக்கு வெக்கமாப் போயிடிச்சி. உன்னாண்ட சொல்லாம எடுத்துட்டேன்.”

கருணாகரன் பாட்டிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு வால்டர் பக்கம் திரும்பினார். “அப்போ என் டம்ளரு கொல்லலயா?”

“கொல்றதா? ரெண்டு வெரக்கடை ஏறுனாதான் நொரை கட்டும், ஒரு டம்ளருக்கு கட்டாது. டிராக்குல பழகுனவன் அத்தினி பேரும் அரை லிட்டரு மேல ஊத்துவான் மேன். வளைவுல பத்தணும்ல? நீ ஊத்துனதுதான் ஒரு வருசமா காப்பாத்திகினு வந்துது. என்னிக்கி இல்லியோ, அன்னிக்கி போச்சி.”

கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் கருணாகரன் உட்கார்ந்துகொண்டார். வாய்விட்டு அழுதார். மைதானத்தில் பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பிறகு நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்கள். அழுது முடித்தவர் எழுந்து போய் மகளின் தலையில் ஒன்று வைத்தார். “அடிப்பாவி, ஒரு மாசமா எனக்கு சோறு எறங்கலடி!” என்று கத்தினார். கத்தும்போதே சிரித்தும்விட்டார். அவளும் அழுகையோடு சிரித்தாள். தன் வழக்கத்தைப் பார்த்து மகள் வெட்கப்பட்டது அவருக்கு வலித்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு நிம்மதி பெரிதாக இருந்தது, வலிக்கு இடம் கிடைக்கவில்லை. பீம்ராவ் எல்லோருக்கும் டீ சொன்னார், சமோசாவும் சொன்னார். கருணாகரன் நாலு சமோசா சாப்பிட்டார்.

எஞ்சின் வேலை பிறகு சுமுகமாகவே நடந்தது. கிராங்க்கில் ஓரிடம் தேய்ந்திருந்தது, லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்ததும் பிழைத்துக்கொண்டது. பேரிங்குகள் புதியவை. மேல் பாதியைத் தானே கட்டித் தருவேன் என்று வால்டர் ராயபுரத்திலிருந்து தினமும் வந்தார், கீழ்ப் பாதியை பீம்ராவ் கட்டினார், எங்கே மேல் பாதி முடிந்து கீழ்ப் பாதி தொடங்குகிறது என்று இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். அடித்தொட்டிக்குள் எண்ணெய் ஒரே பக்கமாக ஓடாமலிருக்க ஒரு தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார் பீம்ராவ். அதற்கு மேலும் கடலுக்கு ஒரு டம்ளர் ஊற்றக் கருணாகரனைக் கூப்பிட்டார்கள். அவர் ஊற்றும்போது இரண்டு மெக்கானிக்குகளும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். எஞ்சின் சீராகப் பிடித்தது. சரிந்து நின்ற எண்ணெயை பீம்ராவ் ஒரு ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கடை அலமாரியில் வைத்திருக்கிறார். இன்றைக்கும் அது இடப்பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது. புதிதாக டிராக்கில் ஓட்டப் போகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எஞ்சின் சரியானால் மிதப்பதும் நின்றுவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. கடல் ஏறுகிற நேரத்தில் வினிதா காரை எடுத்தால், சக்கரம் சாலையைத் தொடாமலே கார் போகும், திருப்பினால் திரும்பும், பிரேக் அடித்தால் நிற்கும். தரையில் படாத சக்கரம் எப்படி வண்டியை இழுக்கும் என்று கேட்டவர்களை, படகுக்கு மட்டும் சக்கரம் தரையிலா கீது என்று அங்கம்மா திருப்பிக் கேட்டாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட எண்ணூர் சாலைப் பள்ளங்களில் முதுகு வலிக்காமல் போய்வருகிற ஒரே வண்டி அது என்பதால் சிலருக்குப் பொறாமைதான்.

தடை முடிந்த நாள் விடியலில் கருணாகரனைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனது அந்தக் கார்தான். எர்ணாவூர், திருவொற்றியூர் எல்லாம் ஒரு குலுக்கல் இல்லாமல் கடந்தன. துறைமுகத்தில் படகுகள் தோரணம் கட்டி வரிசையாக நின்றன. எட்டுப் பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். வேறு டிரைவர் யாரையும் முதலாளி கூப்பிட்டிருக்கவே இல்லை. கருணாகரன் படகில் இறங்கி எஞ்சின் அறைக்குள் போனார். குச்சியை உருவினார், துடைத்தார், பார்த்தார், டம்ளரை எடுத்து ஊற்றினார். வினிதா கரையில் நின்று பார்த்தாள். எஞ்சின் முதல் அழுத்தத்திலேயே பிடித்தது, புகை மேலே எழும்பியது, படகு மெல்லப் பின்வாங்கித் திரும்பியது. அப்போது டிரைவர் கூண்டிலிருந்து தலையை வெளியே நீட்டி, எல்லாப் படகுச் சத்தத்துக்கும் மேலே அவர் கத்தினார்:

“பாப்பா, எங்கியும் நிக்காத, நேரா வூட்டுக்குப் போ! எட்டரைக்கு கடலு எறங்கிடும், சக்கரம் கீய பட்டுடும்!”

வினிதா கையை ஆட்டினாள். எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, காரை மின்கம்பத்தில் கட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.